பசியை ஒழிக்கப் பாடுபட்டவர் பட்டினியால் மாண்டார்!

உலகத்தில் பசியை ஒழிக்க விதை தேடி அலைந்தார் ஒருவர். அவரே சோறின்றிச் சிறையில் செத்தார். அவர்தான் ரஷ்ய விஞ்ஞானி நிக்கோலாய் வாவிலோவ்.

1887-ம் ஆண்டு மாஸ்கோவில் பிறந்தார். தந்தை வியாபாரி. மகனோ விவசாயக் கல்வி கற்றார்.

களையே பயிர் ஆயிற்று

1916-ல் பாமீர் மலைக்கும், 1924-ல் ஆப்கானிஸ்தானத்துக்கும் வாவிலோவ் சென்றார். அங்கே ஓர் அதிசயம் கண்டார்.

மலையின் கீழே கோதுமை வயல்கள். அவற்றின் நடுவே, "ரை" என்ற புல் களையாக முளைத்திருந்தது. மேலே ஏற ஏறக் குளிர் கூடியது. கோதுமை குறைந்தது, களை பெருகியது. இன்னும் மேலே போனால், களையே பயிர்! மக்கள் அதைத்தான் விதைத்து, அறுத்து, ரொட்டி சுட்டார்கள்.

காரணம் என்ன?

ஒரே இனச் செடிகளிலும் குணம் வேறுபடும். இந்தக் குணங்களைத் தாங்கி வருவது மரபணு. கடுங்குளிரில் பல செடிகள் மடியும். தாங்கும் குணத்தோடு பிறந்த சில பிழைத்து விதை விடும். அந்தக் குணம் பிள்ளைச் செடிகளுக்கும் வரும். இப்படித் தலைமுறை தலைமுறையாகக் காட்டுச் செடிகள் குளிரையும் வறட்சியையும் நோயையும் வெல்லுகின்றன. அந்தக் குணத்தை இனக்கலப்புச் செய்து பயிருக்கும் கொண்டு வரலாம்.

எனவே வாவிலோவும் அவருடைய குழுவினரும் நாடு நாடாகச் சென்று, 2 லட்சத்துக்கும் அதிகமான விதை மாதிரிகளை லெனின்கிராடில் சேர்த்தார்கள்.

சிறைவாசம்

லைசென்கோ என்பவர் எதிர்த்துக் கிளம்பினார். விதையைக் குளிரில் பழக்கினால் போதும், பயிரின் பரம்பரைக் குணமே மாறிவிடும் என்றார். ஸ்டாலின் அவரை ஆதரித்தார். வாவிலோவ் அதை ஏற்கவில்லை. பொய்க்குத் தலை வணங்கவில்லை.

1940 ஆகஸ்டில், உக்ரைனில் செடி சேகரிக்கச் சென்ற இடத்தில் கைதானார். 1941-ல் மரண தண்டனை. பிறகு அது 20 ஆண்டு சிறையாகக் குறைந்தது. 1943 ஜனவரி 26-ந் தேதி, சரட்டோவ் சிறையில் பசியால் மெலிந்து உயிர் விட்டார். வயது 55.

விதை காத்த வீரர்கள்

அதே காலத்தில் ஜெர்மன் படை லெனின்கிராடை முற்றுகை இட்டிருந்தது. நகரமே பட்டினி கிடந்தது. வாவிலோவின் சக ஊழியர்கள் விதைகளைக் காவல் காத்தார்கள். சுற்றிலும் அரிசியும் தானியமும்! ஆனாலும் ஒரு பிடி கூட எடுத்துத் தின்னவில்லை. சிலர் பசியால் அங்கேயே மாண்டார்கள்.

1955-ல் வாவிலோவ் குற்றமற்றவர் என்று அரசு அறிவித்தது. பின்னர் அந்த விதை நிலையத்துக்கு அவர் பெயரே சூட்டப்பட்டது.

அவர் மறைந்தார். அவர் சேர்த்த விதைகள் வாழ்கின்றன.