ஒரு கையொப்பம் தந்த அவப்பெயர்

தாம் மறைந்த பின்னும் தம் பெயர் இவ்வுலகில் நிலைக்க வேண்டும் என்று விரும்பாதவர் யார்? ஜேம்ஸ் வாட்டின் பெயரை மின்விளக்கு ஒவ்வொன்றிலும் காண்கிறோம். லூயி பாஸ்டரின் பெயர் நாம் அருந்தும் பாலோடு சேர்ந்து நிற்கிறது. இவை புகழ்ப் பெயர்கள். ஆனால் நாட்டுக்கு நாற்பது ஆண்டுகள் உழைத்த ஒருவரின் பெயர், தேர்தலில் நடக்கும் ஒரு சூழ்ச்சிக்குப் பெயராகி நின்றுவிட்டது. அவர்தாம் அமெரிக்க நாட்டைச் சேர்ந்த எல்பிரிட்ஜ் கெர்ரி. அவருடைய வாழ்க்கையை மூன்று தாள்களைக் கொண்டே சொல்லிவிடலாம். ஒன்றில் அவர் மனமுவந்து கையொப்பமிட்டார். ஒன்றில் கையொப்பமிட மறுத்தார். மற்றொன்றில் மனமில்லாமல் கையொப்பமிட்டார் என்பர். அம்மூன்றையும் இங்கே காண்போம்.

இளமைப் பருவம்

1744ஆம் ஆண்டு ஜூலை 17ஆம் நாள், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் மார்பிள்ஹெட் என்னும் கடற்கரை ஊரில் கெர்ரி பிறந்தார். மீன்பிடித் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர் அது. அவர் தந்தையார் கருவாட்டைக் கப்பல்களில் ஏற்றி ஸ்பெயினுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் அனுப்பிப் பொருள் ஈட்டிய வணிகர். மகன் ஹார்வர்டு கல்லூரியில் பயின்று 1762இல் பட்டம் பெற்றுத் தந்தையின் வணிகத்தில் சேர்ந்தார். அக்காலத்தில் அமெரிக்கா ஆங்கிலேயரின் ஆட்சியில் இருந்தது. வரிக்கு மேல் வரி விதிக்கப்படுவதைக் கண்டு கெர்ரியின் உள்ளம் கொதித்தது. 1772இல் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். விடுதலை இயக்கத் தலைவர் சாமுவேல் ஆடம்ஸின் நட்பு அங்கே அவருக்குக் கிடைத்தது.

பொதுவாழ்வு மலர்ப்பாதை அன்று என்பதை அவர் விரைவிலேயே உணர்ந்தார். பெரியம்மைக்கு அம்மை குத்தும் மருத்துவமனை ஒன்றை ஊருக்கு அருகிலுள்ள தீவில் அவரும் நண்பர்களும் 1773இல் அமைத்தனர். அதனால் நோய் பரவும் என்று அஞ்சிய மக்கள் கூட்டம் 1774இல் அதைத் தீயிட்டுக் கொளுத்தியது. நல்லது செய்யப் போய் வெறுப்பைச் சம்பாதித்த கெர்ரி சிறிது காலம் அரசியலை விட்டே ஒதுங்கினார். ஆயினும் பாஸ்டன் துறைமுகத்தை ஆங்கிலேயர் மூடியபோது அவரால் வீட்டில் இருக்க முடியவில்லை. பசியால் வாடிய பாஸ்டன் மக்களுக்கு மார்பிள்ஹெட் வழியாக உணவுப் பொருள்களை அனுப்பும் பணியில் முன்னின்றார்.

1775 ஏப்ரலில் ஓர் இரவு, ஆங்கிலேயப் படை லெக்சிங்டனை நோக்கி அணிவகுத்துச் சென்றது. வழியில் ஒரு சத்திரத்தில் கெர்ரியும் நண்பர்கள் இருவரும் உறங்கிக்கொண்டிருந்தனர். வீரர்கள் சத்திரத்தைச் சோதனையிட வந்ததும், மூவரும் இரவு உடையோடு வெளியே ஓடி, அறுவடை முடிந்த வயலில் குளிரில் படுத்துத் தப்பினர். அவர்களுள் ஒருவர் அதன்பின் நோயுற்றுச் சில வாரங்களில் இறந்தார். விடுதலைக்காக இவ்வளவு துன்பமும் பட்டவர் கெர்ரி என்பதை நாம் மறத்தலாகாது.

முதல் தாளும் இரண்டாம் தாளும்

1776இல் அமெரிக்க விடுதலைச் சாசனம் வெளியிடப்பட்டது. அதில் பெயரெழுதுவது ஆங்கில அரசின் பார்வையில் இராஜத் துரோகம், பிடிபட்டால் தூக்குமேடைதான். கெர்ரி தயங்காமல் கையொப்பமிட்டார். இது அவருடைய முதல் தாள்.

விடுதலை கிடைத்த பின், 1787இல் அரசியலமைப்பை வகுக்கப் பிலடெல்பியா நகரில் தலைவர்கள் கூடினர். பெரிய மாநிலங்களுக்கும் சிறிய மாநிலங்களுக்கும் எத்தனை உறுப்பினர்கள் என்பதில் பெரும் பிணக்கு எழுந்தது. அதைத் தீர்க்க அமைத்த குழுவுக்குக் கெர்ரியே தலைவர். ஓர் அவையில் மக்கள் தொகைக்கு ஏற்ற இடங்கள், மற்றோர் அவையில் எல்லா மாநிலங்களுக்கும் சம இடங்கள் என்ற சமரசம் அக்குழுவின் வழியாகவே வந்தது. பிரதிநிதித்துவம் என்றால் என்ன என்பதை அவரைவிட நன்கறிந்தவர் அன்று சிலரே.

ஆயினும் செப்டம்பர் 17ஆம் நாள் அரசியலமைப்பு முடிந்து எல்லாரும் கையொப்பமிட்டபோது, அவையிலிருந்த மூவர் மட்டும் மறுத்துவிட்டனர். ஜார்ஜ் மேசன், எட்மண்ட் ராண்டால்ஃப், மூன்றாமவர் கெர்ரி. மக்களின் உரிமைகளைக் காக்கும் பகுதி அதில் இல்லை. காவலில்லாத அதிகாரம் ஒருநாள் மக்களையே நசுக்கும் என்று அவர் அஞ்சினார். நண்பர்கள் வருந்தினர், பிடிவாதக்காரர் என்று பலர் ஏசினர். அவர் அசையவில்லை. அவருடைய அச்சம் வீண் போகவும் இல்லை. 1791இல் பேச்சுரிமை, எழுத்துரிமை முதலியவற்றைக் காக்கும் பத்துத் திருத்தங்கள் சேர்க்கப்பட்டன. கையொப்பமிடாத அந்த இரண்டாம் தாளே கெர்ரியின் வாழ்வில் மிக உயர்ந்த இடம் என்று நமக்குத் தோன்றுகிறது.

மூன்றாம் தாள்

ஆண்டுகள் உருண்டன. நாட்டில் ஃபெடரலிஸ்ட் கட்சி, ஜெபர்சனைப் பின்பற்றிய குடியரசுக் கட்சி என இரு கட்சிகள் தோன்றிக் கடும்பகை கொண்டன. இந்தக் குடியரசுக் கட்சி வேறு, இன்று அதே பெயரில் உள்ள கட்சி வேறு. 1797இல் பிரான்சுக்குத் தூது சென்ற கெர்ரி, போரைத் தவிர்க்கும் எண்ணத்தோடு அங்கே தனித்துத் தங்கியதற்காக ஃபெடரலிஸ்டுகளால் தூற்றப்பட்டார். 1800 முதல் நான்கு முறை ஆளுநர் பதவிக்கு நின்று தோற்றார். 1810இல்தான் மாசசூசெட்ஸ் ஆளுநரானார். முதல் ஆண்டில் இரு தரப்பினரையும் அணைத்தே ஆண்டார். இரண்டாம் ஆண்டில் கட்சிப் பகை அவரையும் பற்றிக்கொண்டது. எதிர்க்கட்சியினரைப் பதவிகளிலிருந்து நீக்கித் தம் கட்சியினரை நியமித்தார்.

அப்போது சட்டமன்றத்தில் பெரும்பான்மையாக இருந்த அவர் கட்சியினர், மாநிலச் செனட் சபைக்கான தொகுதிகளின் எல்லைகளைத் தமக்குச் சாதகமாக மாற்றி ஒரு சட்டம் இயற்றினர். கெர்ரிக்கு அதில் விருப்பமில்லை என்று அவர் வரலாற்றை எழுதிய மருமகன் கூறுகிறார். விருப்பமில்லை எனில் மறுத்திருக்கலாம், 1787இல் மறுத்தவர்தாமே! ஆனால் 1812 பிப்ரவரி 11ஆம் நாள் அவர் கையொப்பமிட்டுவிட்டார்.

எல்லைக்கோட்டை மாற்றினால் என்ன ஆகிவிடும் என்று வாசகர்கள் கேட்கலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25 மாணவியர் ஓட்டுப் போடுகின்றனர். 15 பேர் நீல அணி, 10 பேர் சிவப்பு அணி. ஐந்து ஐந்து பேராக ஐந்து குழுக்கள் அமைத்து, குழுவுக்கு ஒரு தலைவியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குழுக்களைப் பிரிக்கும் பொறுப்பு சிவப்பு அணியிடம் இருக்கிறது. மூன்று குழுக்களில் சிவப்பில் மூவர், நீலத்தில் இருவர் என்று வைக்கிறார்கள். எஞ்சிய நீல அணியினர் ஒன்பது பேரையும் மீதி இரண்டு குழுக்களில் அடைத்துவிடுகிறார்கள். முடிவு என்ன? 10 பேர் கொண்ட அணிக்கு மூன்று தலைவியர். 15 பேர் கொண்ட அணிக்கு இருவர்தாம்! ஒருவர் ஓட்டையும் யாரும் திருடவில்லை. கள்ள ஓட்டும் இல்லை. கோடு போட்டவர் கையிலேயே வெற்றி இருந்தது. எதிரியின் ஓட்டுகளைச் சில இடங்களில் குவித்துவிடுவது, மற்ற இடங்களில் சிதறடிப்பது, இவை இரண்டே இச்சூழ்ச்சியின் வழிகள்.

மாசசூசெட்ஸிலும் இதுவே நடந்தது. எசெக்ஸ் பகுதியில் அமைந்த ஒரு தொகுதி வடக்கே சாலிஸ்பரி முதல் தெற்கே செல்சி வரை பாம்புபோல் வளைந்து கிடந்தது. கெர்ரி பிறந்த மார்பிள்ஹெட்டும் அதனுள்ளேயே இருந்தது. 1812 மார்ச் 26ஆம் நாள் பாஸ்டன் கெசட் என்னும் பத்திரிகை, அத்தொகுதியின் வரைபடத்துக்குச் சிறகும் நகமும் அலகும் வரைந்து, ஒரு கொடிய விலங்காக வெளியிட்டது. பல்லியைப் போன்ற உருவமுடைய சாலமாண்டர் என்னும் பிராணியின் பெயரோடு ஆளுநரின் பெயரை ஒட்டி, அந்த விலங்குக்குக் கெர்ரிமாண்டர் என்று பெயரிட்டது. ஊரே சிரித்தது.

தேர்தல் வந்தது. செனட் சபைக்கு ஃபெடரலிஸ்டுகள் பெற்ற ஓட்டுகள் 51,766. கெர்ரியின் கட்சி பெற்றவை 50,164. ஆனால் 40 இடங்களில் ஃபெடரலிஸ்டுகளுக்குக் கிடைத்தவை 11; கெர்ரியின் கட்சிக்கோ 29! ஆளுநர் பதவிக்குத் தொகுதிகள் இல்லை. மாநிலம் முழுவதும் ஒன்றாக ஓட்டளித்தது. அங்கே எல்லைக்கோடு உதவவில்லை. கெர்ரி தோற்றார். கட்சிக்கு இடங்களும், கையொப்பமிட்டவருக்குத் தோல்வியும் அவப்பெயருமே மிஞ்சின. மறு ஆண்டே அச்சட்டம் நீக்கப்பட்டது. பெயரை மட்டும் யாராலும் நீக்க முடியவில்லை.

இறுதி நாட்கள்

1813இல் ஜேம்ஸ் மாடிசன் குடியரசுத் தலைவராக இரண்டாம் முறை பதவியேற்றபோது கெர்ரி துணைக் குடியரசுத் தலைவரானார். செல்வத்தில் பிறந்த அவர் முதுமையில் கடனாளியாக இருந்தார். 1814 நவம்பர் 23ஆம் நாள், கடமையாற்ற செனட் சபைக்குப் புறப்பட்ட வேளையில் திடீரென உடல்நலம் குன்றி இறந்தார். வயது எழுபது. விடுதலைச் சாசனத்தில் கையொப்பமிட்டவர்களுள் வாஷிங்டன் நகரில் அடக்கம் செய்யப்பட்டவர் அவர் ஒருவரே.

தொடரும் போராட்டம்

கெர்ரி மறைந்தார், கெர்ரிமாண்டர் மறையவில்லை. அமெரிக்காவில் எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் அது இச்சூழ்ச்சியைக் கையாண்டே வந்திருக்கிறது. தொகுதிகளை மாற்றாமலே விட்டு அநீதி செய்ததும் உண்டு. டென்னசி மாநிலம் 1901க்குப் பின் அறுபது ஆண்டுகள் தொகுதிகளைத் திருத்தவே இல்லை. அவ்வழக்கில் 1962இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இத்தகைய குறைகளை நீதிமன்றம் விசாரிக்கலாம் என்றது. 1964இல் மாநிலச் சட்டமன்றத் தொகுதிகளின் மக்கள் தொகை ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும் என்றும் தீர்ப்பு வந்தது. ஆனால் கட்சி லாபத்துக்காகக் கோடு வளைப்பதைத் தடுப்பது மத்திய நீதிமன்றங்களின் வேலை அன்று என்று 2019இல் அதே நீதிமன்றம் கைவிரித்துவிட்டது.

எனவே மக்களே வழி தேட வேண்டியதாயிற்று. மிச்சிகன் மாநிலத்தில் கேட்டி ஃபேஹி என்னும் இளம்பெண், அரசியல்வாதிகள் கையிலிருந்து வரைபடத்தை மீட்க ஓர் இயக்கம் தொடங்கினார். தொண்டர்கள் ஊர் ஊராகச் சென்று 4 லட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டினர். 2018 நவம்பரில் மக்கள் அத்திட்டத்தை ஓட்டளித்து ஏற்றனர். இன்று அங்கே தொகுதி எல்லைகளை வரைபவர்கள் குடிமக்கள் பதின்மூவர். இரு பெரிய கட்சிகளிலிருந்தும் நால்வர் நால்வர். எக்கட்சியும் சாராதவர் ஐவர். விண்ணப்பித்தவர்களிலிருந்து குலுக்கல் முறையில் அவர்கள் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர்.

சிந்தித்துப் பாருங்கள். ஒரு கையொப்பத்தால் பெயர் பெற்ற தீமையை, இருநூறு ஆண்டுகளுக்குப் பின் லட்சக்கணக்கான எளிய மக்களின் கையொப்பங்கள் ஒரு மாநிலத்தில் தடுத்து நிறுத்தின!

கெர்ரி தீயவர் அல்லர். நாற்பது ஆண்டுகள் நல்லவராக வாழ்ந்தவர், கட்சிக்காக ஒருநாள் தம் மனச்சான்றை ஒதுக்கி வைத்தார். உலகம் அந்த ஒருநாளையே நினைவில் வைத்துக்கொண்டது. தோழியரே, இன்னும் மூன்று ஆண்டுகளில் நாமும் ஓட்டுரிமை பெறுவோம். ஓட்டுப் போடுவதோடு நம் கடமை முடிவதில்லை. எல்லைக்கோட்டை யார் வரைகிறார்கள், எதற்காக வரைகிறார்கள் என்று கேட்கவும் கற்போம். நம் முன் எந்தத் தாள் நீட்டப்பட்டாலும், மனம் ஒப்பினால் மட்டுமே பெயரெழுதும் துணிவைப் பெறுவோமாக!

பத்தாம் வகுப்பு, 'அ' பிரிவு