பாடசாலைகளுக்கு அளவுகோல் தந்த ஹொரேஸ் மான்

கொழும்பில் உள்ள பாடசாலையிலும் மூதூரில் உள்ள பாடசாலையிலும் காலையில் வரவு இடாப்பு குறிக்கப்படுகிறது. இரண்டிலும் ஒரே பாடத்திட்டம். வருடத்தில் இத்தனை நாட்கள் பாடசாலை நடக்க வேண்டும் என்ற கணக்கும் இரண்டுக்கும் ஒன்றுதான். மழை பெய்வது போல, வெயில் அடிப்பது போல இவையெல்லாம் தாமாகவே நடக்கின்றன என்றுதான் நமக்குத் தோன்றும். கல்வியியற் கல்லூரியில் படிக்கும் என் ராத்தா விடுமுறைக்கு வந்திருந்தபோது அவருடைய கொப்பியைப் புரட்டினேன். ஹொரேஸ் மான் என்ற பெயரும் அதன் கீழே ஒரே ஒரு வரியும் அதில் இருந்தன. அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் பொதுப் பாடசாலைகளை ஒழுங்குபடுத்தியவர் என்பதே அந்த வரி. ஒரு வரிக்குள் அடங்கிவிடும் மனிதரா இவர் என்று தேடப்போய், பரீட்சைக்குப் படிக்க வேண்டிய சில இரவுகளை இவருக்கே கொடுத்துவிட்டேன்.

ஹொரேஸ் 1796ஆம் ஆண்டு மே 4ஆம் திகதி, பிராங்ளின் என்னும் சிற்றூரில் ஒரு விவசாயியின் மகனாகப் பிறந்தார். அந்த ஊரின் கதையே சுவையானது. அறிஞர் பெஞ்சமின் பிராங்ளினின் பெயரைத் தம் ஊருக்குச் சூட்டிய மக்கள், தேவாலயத்துக்கு ஒரு மணி அன்பளிப்பாகத் தரும்படி அவரிடம் கேட்டார்களாம். அவர் மணிக்குப் பதிலாகப் புத்தகங்களை அனுப்பிவைத்தார். வருடத்தில் பத்து வாரங்களுக்கு மேல் பாடசாலைக்குப் போக வாய்ப்பில்லாத ஹொரேஸுக்கு அந்தப் புத்தகங்களே ஆசானாயின. பாடநூல் வாங்கப் பணம் வேண்டும் என்பதற்காக, தொப்பி செய்வதற்கு வைக்கோல் பின்னிக் கொடுத்தும் அவர் சம்பாதித்திருக்கிறார்.

பதின்மூன்று வயதில் தந்தையை இழந்தார். அடுத்த வருடம் அவருடைய சகோதரர் ஸ்டீபன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகாமல் குளத்துக்கு நீந்தப் போய் மூழ்கி இறந்தார். மரண வீட்டில் ஊர்ப் போதகர் எமன்ஸ் செய்த பிரசங்கம், மனந்திரும்பாமல் இறந்துபோகும் இளைஞர்களின் கதியைப் பற்றியதாக இருந்தது. பக்கத்தில் தாய் விம்முவதை ஹொரேஸ் கேட்டுக்கொண்டிருந்தார். மையித்து வீட்டுக்குப் போனால் ஆறுதலாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நமக்குச் சிறு வயதிலேயே சொல்லித் தருகிறார்கள். அந்தத் தாய்க்கு அது கிடைக்கவில்லை. அன்று ஹொரேஸின் மனத்தில் விழுந்த காயம் ஆயுள் முழுவதும் ஆறவில்லை என்று அவரது வாழ்க்கையை எழுதியவர்கள் கூறுகிறார்கள். பிற்காலத்தில் பாடசாலையில் மதப் பிரிவுகளின் போதனை கூடாது என்று அவர் பிடிவாதமாக நின்றதற்கும் இந்தக் காயத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

பின்னர் ஊர் ஊராகப் போய்ப் படிப்பிக்கும் ஓர் ஆசிரியரிடம் ஆறே மாதங்கள் இலத்தீனும் கிரேக்கமும் கற்று, 1816இல் பிரவுண் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1819இல் வகுப்பில் முதல்வராகத் தேறினார். சட்டம் பயின்றார், வழக்கறிஞரானார், 1827இல் மாநிலச் சட்டமன்றத்துக்குத் தெரிவானார். 1830இல் பல்கலைக்கழகத் தலைவரின் மகள் சார்லட்டை மணந்தார். இரண்டு வருடங்களில் சார்லட் இறந்துபோனார். அந்தத் துயரத்தில் அவரது தலைமுடி வெளுத்துவிட்டதாகச் சொல்கிறார்கள்.

இனித்தான் சட்டத்தின் கதை. மசாசுசெட்ஸில் பாடசாலைச் சட்டங்கள் ஏற்கனவே இருந்தன. 1647ஆம் ஆண்டிலேயே, ஐம்பது வீடுகள் உள்ள ஊர் ஓர் ஆசிரியரை வைத்திருக்க வேண்டும் என்று விதித்திருந்தார்கள். ஆனால் காலப்போக்கில் ஒவ்வோர் ஊரும் பல வட்டாரங்களாகப் பிரிந்து, ஒவ்வொரு வட்டாரமும் தன் பாடசாலையைத் தன் இஷ்டப்படி நடத்திக்கொண்டது. ஓர் இடத்தில் பாடசாலை சில வாரங்களில் மூடப்படும். இன்னோர் இடத்தில் பல மாதங்கள் நடக்கும். எந்தப் புத்தகம் என்று கேட்டால், பிள்ளையின் வீட்டில் எது கிடக்கிறதோ அதுதான். வசதி படைத்தவர்கள் தம் பிள்ளைகளைத் தனியார் பாடசாலைகளுக்கு அனுப்பிவிட்டார்கள். தம் பிள்ளை படிக்காத பாடசாலையின் கூரை ஒழுகினால் அவர்களுக்கு என்ன?

1837 ஏப்ரலில் மாநிலக் கல்விச் சபையை உருவாக்கும் சட்டம் நிறைவேறியது. அப்போது செனட் சபையின் தலைவர் ஹொரேஸ். அந்தச் சட்டத்தில் கையொப்பமிட்டவர்களில் அவரும் ஒருவர். சில வாரங்களில் அந்தச் சபையின் செயலாளர் பதவி அவரைத் தேடி வந்தது. சம்பளம் வருடத்துக்கு 1,500 டொலர். வழக்கறிஞர் தொழிலில் வந்த வருமானத்தோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அரசியலில் இன்னும் மேலே போயிருக்கக்கூடிய ஒருவர் இதை ஏன் ஏற்கிறார் என்று நண்பர்களே வியந்தார்கள்.

அதைவிட எனக்கு வியப்பைத் தந்தது வேறொன்று. இந்தச் சபைக்கு அதிகாரமே இல்லை. ஒரு பாடசாலையைத் திறக்கவோ மூடவோ, ஓர் ஆசிரியரை நியமிக்கவோ நீக்கவோ அதனால் முடியாது. விபரம் திரட்டலாம், வருடாவருடம் அறிக்கை எழுதலாம், அவ்வளவுதான். ஹொரேஸ் அந்த அறிக்கையையே ஆயுதமாக்கினார். குதிரையேறி மாவட்டம் மாவட்டமாகப் போனார். கட்டடங்களைப் பார்த்தார். பாடசாலைக் கட்டடங்களைப் பற்றி மட்டும் 1838இல் தனி அறிக்கை எழுதினார். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும், காற்று எப்படிப் புக வேண்டும், சிறு பிள்ளையின் கால் தரையில் படும்படி வாங்கு எவ்வளவு உயரமாக இருக்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. அதே வருடம் வந்த சட்டம், ஒவ்வோர் ஊரின் பாடசாலைக் குழுவும் தன் பாடசாலைகளின் நிலையை விரிவாக எழுதி அனுப்ப வேண்டும் என்றும், பாடசாலைகளில் இடாப்பு வைக்க வேண்டும் என்றும் கட்டாயப்படுத்தியது. அனுப்பாத ஊருக்கு மாநிலப் பாடசாலை நிதியில் பங்கு கிடையாது. வந்த விபரங்களை ஊரின் பெயரோடு அச்சிட்டார்கள். எந்த ஊர் ஒரு பிள்ளைக்கு எவ்வளவு செலவிடுகிறது என்பது பக்கத்து ஊருக்குத் தெரிந்துவிட்டது. அதன் பிறகு யாரும் கட்டளையிட வேண்டியிருக்கவில்லை; வெட்கமே பாதி வேலையைச் செய்தது. 1839இல் வருடத்துக்குக் குறைந்தது ஆறு மாதங்கள் பாடசாலை நடக்க வேண்டும் என்ற சட்டமும் வந்தது.

அறிக்கை எழுதுகிறவர் நாற்காலியை விட்டு எழும்பமாட்டார் என்று நினைக்க வேண்டாம். பிற்ஸ்ஃபீல்ட் என்ற ஊரில் ஆசிரியர் பயிற்சிக் கூட்டத்துக்காக ஒரு பாடசாலைக்குப் போனபோது அங்கே கூட்டித் துடைக்க ஒருவருமில்லை. ஹொரேஸும் மாநில ஆளுநர் பிரிக்ஸும் அயலில் விளக்குமாறுகளை இரவல் வாங்கி வந்து, தாங்களே வகுப்பறையைக் கூட்டிவிட்டுக் கூட்டத்தைத் தொடங்கினார்களாம். சிரமதான நாளில் மெதுவாக நழுவிவிடும் என் வகுப்புத் தோழிகள் இந்த வரியை இரண்டு தரம் வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நல்ல பாடசாலை வேண்டுமென்றால் படிப்பிக்கத் தெரிந்தவர்கள் வேண்டும். அதுவரை ஆசிரியராவதற்கு மாநிலம் நடத்தும் பயிற்சி என்று ஒன்று இருக்கவில்லை. 1838இல் எட்மண்ட் டுவைட் என்ற வர்த்தகர் 10,000 டொலர் தர முன்வந்தார். சட்டமன்றம் அதே தொகையைத் தானும் ஒதுக்கியது. 1839 ஜூலை 3ஆம் திகதி லெக்சிங்டன் நகரில், அந்த நாட்டின் முதலாவது மாநில ஆசிரிய பயிற்சிக் கலாசாலை திறக்கப்பட்டது. அது பெண்களுக்கு மட்டுமே. முதல் நாள் வந்தவர்கள் மூன்று பேர்.

மூன்றே பேர்! அதிபர் சைரஸ் பியர்ஸ் அந்த மூவருக்கும் படிப்பிக்கத் தொடங்கினார். அந்தக் காலத்தில் ஒரு பெண், வீட்டை விட்டுப் போய் ஒரு தொழிலுக்காகப் பயில்வதென்றால் ஊர் என்ன பேசியிருக்கும் என்று எனக்கு ஊகிக்க முடிகிறது. ராத்தா கல்வியியற் கல்லூரிக்குத் தெரிவானபோது, பெண் பிள்ளையை விடுதியில் விடுவதா என்று எங்கள் வீட்டுத் திண்ணையிலும் பேச்சு நடந்தது. லெக்சிங்டனில் முதல் வருடம் பயின்றவர்களுள் மேரி சுவிஃப்ட் என்ற மாணவி, பின்னர் பார்வையும் செவிப்புலனும் இழந்த லோரா பிரிட்ஜ்மன் என்ற சிறுமிக்கு ஆசிரியையானார். ஹெலன் கெல்லரை நம் எல்லோருக்கும் தெரியும். அவருக்கு முன்பே எழுதப் படிக்கக் கற்ற பிள்ளை இந்த லோரா. மூவரோடு தொடங்கிய அந்தக் கலாசாலை இடம் மாறி வளர்ந்து, இன்று பிரமிங்ஹாம் மாநிலப் பல்கலைக்கழகமாக இருக்கிறது.

எதிர்ப்பும் வந்தது. ஊர்ப் பாடசாலையில் மாநிலத்துக்கு என்ன வேலை, இது பிரஷ்ய மன்னராட்சியின் முறை, பணமும் வீண் என்று கூறி 1840இல் கல்விச் சபையையே கலைக்கும் பிரேரணை சட்டமன்றத்தில் வந்தது. 182 பேர் கலைக்க வேண்டும் என்றார்கள். 245 பேர் வேண்டாம் என்றார்கள். அறுபத்துமூன்று வாக்குகளில் தப்பியது. ஊரவர்களின் பயத்தில் நியாயமே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. தூரத்தில் இருக்கும் ஒருவர் எங்கள் பிள்ளைகளுக்கு எது நல்லது என்று தீர்மானிப்பது யாருக்கும் கசக்கத்தான் செய்யும். ஆனால் அவர்களிடம் விட்டிருந்தபோது கூரை ஒழுகியது என்பதும் உண்மைதானே.

1843இல் மேரி பீபொடியை மணந்து, இருவரும் ஐரோப்பாவுக்குப் போனார்கள். புதுமணத் தம்பதியர் பார்த்தது பாடசாலைகளையும் சிறைச்சாலைகளையும் வைத்தியசாலைகளையும்! பிரஷ்யாவில் பிரம்பில்லாமல் பாடம் நடப்பதைக் கண்டு ஹொரேஸ் தம் ஏழாவது அறிக்கையில் எழுத, பொஸ்டன் நகர ஆசிரியர்கள் முப்பத்தொரு பேர் கொதித்தெழுந்து மறுப்பு நூல் வெளியிட்டார்கள். அந்தச் சண்டையின் விளைவாக, 1845இல் அவரது நண்பர் சாமுவேல் ஹவ் முதலானோர் பொஸ்டன் மாணவர்களுக்கு அச்சிட்ட வினாத்தாளைக் கொடுத்து எழுத்துப் பரீட்சை வைத்தார்கள். அதுவரை வாய்மொழியாகவே பரீட்சை நடந்தது. முடிவு மிக மோசம். ஆசிரியர்களின் பெருமை அடங்கியது. உயர்தரப் பரீட்சையை எதிர்நோக்கியிருக்கும் நான் இந்த இடத்தில் ஹொரேஸ் மீது கொஞ்சம் கோபப்பட்டேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

சமயம் பற்றிய விடயத்தில்தான் நான் அதிகம் தயங்கி நின்றேன். எந்தவொரு பிரிவின் கொள்கையும் பொதுப் பாடசாலையில் கற்பிக்கப்படக் கூடாது என்றார் ஹொரேஸ். ஆனால் பைபிள் விளக்கமின்றி வாசிக்கப்படலாம் என்றார். வாசிக்கப்பட்டதோ புரட்டஸ்தாந்தினர் ஏற்ற மொழிபெயர்ப்பு. அயர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கர்களுக்கு அது தம்முடையதாகப் படவில்லை. பெரும்பான்மையினருக்குத் தம்முடைய வழக்கம் எல்லோருக்கும் பொதுவானது போலத் தோன்றும்; பக்கத்தில் இருக்கும் சிறுபான்மைப் பிள்ளைக்குத்தான் அது வேறாகத் தெரியும். சாதாரணதரம் வரை அவரவர் சமயத்தை அவரவர் பாடமாகக் கற்கும் நமக்கு, இது சிறிய விடயமாகத் தோன்றவில்லை.

இன்னொரு குறையும் உண்டு. பொஸ்டனில் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பாடசாலை. சாரா ரொபட்ஸ் என்ற ஐந்து வயதுச் சிறுமி, வழியில் ஐந்து வெள்ளையர் பாடசாலைகளைக் கடந்துதான் தனக்கென ஒதுக்கிய பாடசாலைக்குப் போக வேண்டும். அவளது தந்தை வழக்குத் தொடர்ந்தும் நீதிமன்றம் கைவிரித்தது. 1848இல் அமெரிக்கக் காங்கிரசுக்குப் போன ஹொரேஸ், அடிமைகள் தப்ப உதவிய கப்பல்காரர்களுக்காக வொஷிங்டனில் துணிந்து வாதாடினார். ஆனால் செயலாளராக இருந்த பன்னிரண்டு வருடங்களில், தம் சொந்த மாநிலத்தின் இந்தப் பிரிவினையைப் பற்றி அவர் குரல் உயர்த்தவில்லை. சபைக்கு எதிரிகள் கூடிவிடுவார்கள் என்று அஞ்சியிருக்கலாம். கறுப்பினப் பிள்ளைகளைப் பிரித்துவைப்பதைத் தடுக்கும் சட்டம் 1855இல்தான் வந்தது. எட்டு முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகளைக் கட்டாயம் பாடசாலைக்கு அனுப்ப வேண்டும் என்ற, அமெரிக்காவின் முதலாவது மாநிலச் சட்டமும் அவர் பதவியை விட்ட பின்னரே, 1852இல் நிறைவேறியது.

அவர் விலகியபோது ஐம்பது புதிய உயர்நிலைப் பாடசாலைகள் இருந்தன. கட்டடங்களுக்கு இருபது இலட்சம் டொலருக்கு மேல் செலவாகியிருந்தது. ஆண் ஆசிரியர்களின் சம்பளம் 62 சதவீதமும் பெண்களுடையது 51 சதவீதமும் உயர்ந்திருந்தன. அந்தப் பதினொரு சதவீத வித்தியாசத்தை நம் வாசகிகள் கவனிக்காமல் விடமாட்டீர்கள்.

1853இல் ஒஹாயோ மாநிலத்தின் அன்ரியொக் கல்லூரிக்கு முதல் தலைவரானார். அங்கே ஆண்களும் பெண்களும் ஒரே பாடங்களைக் கற்றார்கள். அவருடைய மருமகள் ரெபெக்கா பெனெல், ஆண் பேராசிரியர்களுக்குச் சமமான பதவியும் சம்பளமும் பெற்றார். இம்முறை கறுப்பின மாணவிகளை அனுமதிப்பதற்கு எழுந்த எதிர்ப்புக்கு ஹொரேஸ் வளைந்துகொடுக்கவில்லை. கல்லூரியோ கடனில் மூழ்கியது. அதைக் காப்பாற்ற ஓடியோடியே அவர் உடல் தளர்ந்தது. 1859 ஓகஸ்ட் 2ஆம் திகதி, அந்த வருட மாணவர்களுக்குப் பட்டமளித்துச் சில வாரங்களில், காய்ச்சலில் காலமானார். முதலில் கல்லூரி வளவிலேயே அடக்கினார்கள். பிறகு பிராவிடன்ஸ் நகருக்குக் கொண்டுபோய், இருபத்தேழு வருடங்களுக்கு முன் இறந்த சார்லட்டின் அருகில் அடக்கம் செய்தார்கள். அவரது வாழ்க்கை வரலாற்றை இரண்டாம் மனைவி மேரி எழுதி 1865இல் வெளியிட்டார்.