சாம்பல் மேடுகளைப் படித்த புவியியலாளர்

பல்லாவரம் என்றதும் தொல்லியல் ஆர்வலர்களின் நினைவுக்கு வருபவர் இராபர்ட் புரூஸ் ஃபூட். 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் அங்கே சரளை மண்ணிலிருந்து அவர் எடுத்த கற்கருவி, இந்தியாவிலும் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தனர் என்பதை நிலைநாட்டியது. பாடநூல்கள் பெரும்பாலும் அவரை அந்த ஒரு கல்லோடு நிறுத்திவிடுகின்றன. ஆனால், தென்னிந்தியாவில் முதன்முதலாக மாடு வளர்த்து, தானியம் விளைவித்து, ஓரிடத்தில் தங்கி வாழ்ந்த மக்களின் தடயங்களைப் பெல்லாரிக் குன்றுகளில் அவர் அடையாளம் கண்டதும் அதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

இங்கிலாந்தின் செல்டன்ஹாம் நகரில் 1834-இல் பிறந்த ஃபூட், 1858-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியில் சேர்ந்தார். சென்னை மாகாணத்தின் பாறைகளையும் கனிமங்களையும் ஆராய்ந்து வரைபடத்தில் குறிப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. பழம்பொருள் தேடல் அந்தப் பணியினூடே அவர் தாமாக ஏற்றுக்கொண்டது. தமிழ்நாட்டோடு அவருக்கு உறவுமுறையும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையுடன் விவிலியத்தைத் தமிழாக்கியவரும், பின்னர் சென்னையில் தினவர்த்தமானி இதழைத் தொடங்கியவருமான பீட்டர் பெர்சிவலின் மகளை அவர் மணந்தார்.

இன்று கர்நாடகத்தில் இருக்கும் பெல்லாரி, அந்நாளில் சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டம். அங்கே சமவெளியிலிருந்து திடீரென எழும் கருங்கல் குன்றுகளின் அருகிலும் அடிவாரங்களிலும் பெரிய சாம்பல் மேடுகள் காணப்பட்டன. சில இடங்களில் அந்தச் சாம்பல் உருகி இறுகி, உலைக்கழிவுபோல் கண்ணாடித் தன்மையுடன் கட்டிதட்டிக் கிடந்தது. அரக்கர்களை எரித்த சாம்பல் என்றன உள்ளூர்க் கதைகள். எரிமலையின் எச்சம் என்றும், உலோகம் உருக்கிய இடம் என்றும் கருதியோர் உண்டு. விஜயநகரப் பேரரசின் வரலாற்றை எழுதிய இராபர்ட் சீவெல், அவற்றை விஜயநகரக் காலத்துப் பெருந்தீச் சடங்குகளோடு தொடர்புபடுத்தினார்.

ஃபூட் மேட்டை மட்டும் பார்க்கவில்லை. அதைச் சுற்றியிருந்த நிலத்தையும் பார்த்தார். மெருகேற்றிய கற்கோடரிகள், தானியம் அரைத்த கற்கள், பானை ஓடுகள், மாட்டெலும்புகள் ஆகியவை அங்கே கிடைத்தன. இவை இரும்பை அறியாத புதிய கற்கால மக்களின் புழங்குபொருள்கள். குப்கல் குன்றில் கற்கோடரிகள் பெருமளவில் செய்யப்பட்ட பட்டறையையே அவர் கண்டறிந்தார். எனவே அந்த மேடுகள் விஜயநகரத்துக்கு மிகவும் முந்தியவை என்றும், அவை எரிந்த மாட்டுச் சாணத்தாலானவை என்றும் அவர் முடிவுகட்டினார். ஆப்பிரிக்காவில் முள்வேலியிட்டு மாடுகளை அடைக்கும் பட்டிகளை அவற்றுக்கு ஒப்புமையாகக் காட்டினார்.

மாட்டுச் சாணம் என்ற இந்த விடையில் அரக்கரும் இல்லை, அரசரும் இல்லை. நாள்தோறும் மாடுகளை மேய்த்து, மாலையில் பட்டியில் அடைத்து, சேர்ந்த சாணத்தை அவ்வப்போது எரித்த எளிய மக்களே அந்த மேடுகளை எழுப்பினர். கல்வெட்டோ கோட்டையோ விட்டுச்செல்லாத மக்களுக்கும் வரலாறு உண்டு என்பதை ஃபூட் ஏற்றுக்கொண்டதால்தான் அந்த விடை அவருக்குப் புலப்பட்டது.

அந்த முடிவு உறுதிப்பட அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. இன்றைய தெலங்கானாவிலுள்ள உட்னூரில் ரேமண்ட் ஆல்சின் 1957-இல் அகழாய்வு செய்தபோது, சாம்பல் அடுக்குகளுக்கிடையே மாடுகளின் குளம்புத் தடங்களும், பட்டியைச் சுற்றி நட்ட மரக்கம்பங்களின் குழிகளும் வெளிப்பட்டன. எரிந்தது சாணமே என்பதை ஆய்வகச் சோதனைகளும் காட்டின. ஏறத்தாழ 5,000 ஆண்டுகளுக்கு முன்பே இம்மரபு தொடங்கிவிட்டதைக் கரிமக் காலக்கணிப்பு தெரிவித்தது. சங்கனகல்லு, குப்கல் பகுதிகளின் மண்ணை நீரில் கரைத்துச் சலித்த பிற்கால ஆய்வாளர்களுக்குக் கருகிய தானியங்கள் கிடைத்தன. சிறுதானியங்கள், கொள்ளு, பச்சைப்பயறு ஆகிய இந்த மண்ணின் பயிர்களே அவற்றில் முதன்மையாக இருந்தன. இன்றும் நம் அடுப்படியில் இருக்கும் கொள்ளுக்கும் பயறுக்கும் அந்தக் குன்றுகளில் இத்தனை நீண்ட வரலாறு உண்டு.

ஃபூட்டின் எல்லா முடிவுகளும் நிலைத்துவிடவில்லை. பழைய கற்காலத்துக்கும் புதிய கற்காலத்துக்கும் இடையே மனிதரே இல்லாத நெடிய இடைவெளி இருந்ததாக அவர் நம்பினார். நுண்கற்கருவிக் காலத்தைப் பற்றிய பிற்கால ஆய்வுகள் அதைத் தவறாக்கின. எனினும், ஒவ்வொரு கல்லும் ஓடும் எந்த ஊரில் கிடைத்தது என்று அவர் பதிவுசெய்து வைத்ததால், அவரது கருத்து மாறிய பின்னும் சான்றுகள் பயன்படுகின்றன. பிறர் அவரைத் திருத்துவதற்கும் அவருடைய பதிவுகளே உதவின.

1891-இல் பணி ஓய்வுக்குப் பின் பரோடா, மைசூர் சமஸ்தானங்களில் புவியியல் பணியாற்றிய அவர், ஏற்காட்டில் வாழ்ந்து, அங்கும் புதிய கற்காலக் கோடரிகளைத் திரட்டினார். நாற்பதாண்டுகள் சேர்த்த தொகுப்பு 1904-இல் சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு வந்தது. அதற்கான விரிவான அட்டவணையை எழுதிவிட்டு 1912-இல் அவர் மறைந்தார். அவரது மறைவுக்குப் பின்னரே அது நூலாக வெளிவந்தது. ஏற்காடு தேவாலயத்தில் அவருக்கு நினைவுக்கல் உண்டு.

அவர் கண்ட சாம்பல் மேடுகள் பல இன்று இல்லை. உரத்துக்காக வெட்டியெடுக்கப்பட்டும், நிலம் சமன்செய்யப்பட்டும் அவை அழிந்தன. குப்கல் குன்றைக் கல்குவாரிகள் அரித்திருக்கின்றன. கோயிலோ சிலையோ இருக்கும் இடத்தைக் காப்பதற்கு நாம் காட்டும் அக்கறை, வெறும் சாம்பலாகவும் சரளையாகவும் தோன்றும் இடங்களுக்குக் கிட்டுவதில்லை. எஞ்சிய மேடுகளுக்கு எல்லை குறித்து, பாதுகாக்கப்பட்ட இடங்களாக அறிவிப்பது அரசுகளின் கடமை. எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஃபூட்டின் கற்கோடரிகளை மாணவர்களுக்குக் காட்டும் ஆசிரியர்கள், அவற்றைச் செய்தவர்கள்தான் இந்த மண்ணின் முதல் உழைப்பாளிகளுள் அடங்குவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.