ஹென்றி இர்வின்

பெருங் கட்டிடமொன்றைக் காண்போர் அதன் உயரத்தையும் அகலத்தையும் வியப்பர்; செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் இடையே ஓடும் காரைக் கோட்டை உற்று நோக்குவோர் சிலரே. கெடார் முதலிய ஊர்களினின்று விழுப்புரம் சேர்ந்து, திண்டிவனம் வழியாக வண்டியேறிச் சென்னை செல்லும் நம் மாணவரிற் பலர் எழும்பூர் நிலையத்தில் இறங்குகின்றனர். தலைக்கு மேலே கவிந்து நிற்கும் அந்நிலையத்தை அமைத்தவர் யாவர் என்று வினவினால் விடை பகர்வார் அரியர். அவரே ஹென்றி இர்வின் என்பார்.

இப்பெரியார் 1841-ஆம் ஆண்டில் பிறந்தார், அயர்லாந்து தேசத்தார், திருச்சபைக் குருவானவர் ஒருவரின் மைந்தர். இளமையிலேயே கட்டிடத் தொழிலைக் கற்றுத் தேர்ந்து, இந்தியாவிற்கு வந்து மராமத்து இலாகாவில் அமர்ந்தார். சிம்லா மலையில் இராஜப் பிரதிநிதிக்கென அவர் எழுப்பிய மாளிகையில் 1888-ஆம் ஆண்டு டப்ரின் பிரபு குடிபுகுந்தார். கல்லால் இயன்ற அம்மாளிகையே அவருக்குப் பெரும் புகழை ஈட்டிற்று.

பின்னர்ச் சென்னை அரசாங்கத்தின் கட்டிட ஆலோசகராய் அவர் இங்கு வந்தார். சிம்லாவிற் கல்லாண்ட கை, சென்னையிற் செங்கல்லை ஆளத் தொடங்கியது. உயர்நீதி மன்றத்திற்குப் பிராசிங்டன் என்பவர் முன்னர் வரைந்திருந்த படத்தை இர்வின் திருத்தி விரித்தார். நம்பெருமாள் செட்டியார் கட்டிட ஒப்பந்தத்தை மேற்கொண்டார். 1892-இல் திறக்கப்பெற்ற அம்மன்றத்தின் கோபுரமொன்று 1894 முதல் 1977 வரை கடலோடிகட்குக் கலங்கரை விளக்காகவும் பயன்பட்டது. அதன் செஞ்சுவர்களின் அருகே சென்று நோக்கின், ஒவ்வொரு வரிசையும் நூல் பிடித்தாற்போல ஓடுவதையும், அவற்றிடையே காரை அடக்கமாய் அமைந்திருப்பதையும் காணலாம். வரைந்தவர் இர்வினேயாயினும், கரணை பிடித்தவர் பெயரறியாக் கொத்தனார்களே.

1897-இல் மைசூர் அரசரின் பழைய மர அரண்மனை தீக்கிரையாயிற்று. புதியதை அமைக்கும் பொறுப்பு இர்வினிடம் வந்தது. மரத்தை நம்பிக் கெட்ட இடத்தில் அவர் கல்லையும் இரும்பையும் நம்பினார்; கிளாஸ்கோ நகரில் வார்த்த தூண்களைத் தருவித்தார். அவ்வேலை 1912-இல் முற்றுப்பெற்றது.

அப்பணி நடந்துகொண்டிருக்கையிலேயே, அறுபத்து நான்காம் வயதில், தென்னிந்திய இருப்புப்பாதைக் கம்பெனியாருக்காக எழும்பூர் நிலையத்தையும் மேற்கொண்டார். கம்பெனியின் சிற்பியாகிய பேர்டு என்பார் உடனுழைத்தார். பெங்களூர்ச் சாமிநாத பிள்ளை ஒப்பந்தம் ஏற்றார். 1905-இல் தொடங்கிய வேலை, சுமார் 17 இலட்சம் ரூபாய்ச் செலவில் நிறைவெய்தி, 1908 ஜூன் 11-இல் நிலையம் திறக்கப்பெற்றது.

இக்காலத்து மாணவர் சிலர் அட்டையாற் சிறு புகைவண்டி நிலையங்களைச் செய்து மகிழ்கின்றனர். அவற்றுட் பல விளையாட்டுப் பொருளாகவே தோன்றுவதேன்? காரைக் கோடுகளைத் தடித்த வெண்மையாய்த் தீட்டுவதே காரணம். மெய்க் கட்டிடத்திற் காரையின் கனம் ஏறக்குறைய 10 மில்லிமீட்டர். 87-இல் ஒரு பங்காய்ச் சுருக்கிய மாதிரியில் அது ஒரு மில்லிமீட்டரின் ஒன்பதிலொரு பங்கேயாகும், மயிரிழை போன்றது. அங்கே ஒரு மில்லிமீட்டர் கோடு இட்டால், செங்கல்லைக் காட்டிலும் காரை பருத்ததாக முடியும்! ஆதலின், வரிசைகள் பள்ளமாய்ப் பதிந்த சுவருக்குச் செங்கல் வண்ணம் பூசி நன்கு உலரவிடுக. பின்பு சாம்பல் கலந்த வெளிர் நிறத்தை நீர்க்கக் கரைத்துத் தடவி, உடனே மெல்லிய துணியால் மேற்பரப்பைத் துடைத்திடுக. பள்ளங்களில் மட்டும் நிறம் தங்கும். சூளையில் தீ மிகப் பட்ட கல் கறுத்தும் குறையப் பட்டது வெளிறியும் இருப்பதால், இடையிடையே சில கற்களை வேறு சாயலாக்குதலும் நன்று. ஆனால் தூரிகை எடுக்குமுன் உயர்நீதி மன்றச் சுவரருகே ஒரு நாழிகை நின்று வருக.

இர்வின் 1922-இல் உதகமண்டலத்தில் காலமானார். முதுமையிலும் தொழிலைக் கைவிடாத அவர் ஊக்கம் நமக்கு ஒரு பாடம். அவர் வரைந்த கோட்டைப் பிசகாமல் நிறைவேற்றிய கொத்தனார்களின் பெயர் எக்கல்லிலும் பொறிக்கப்படவில்லை. நண்பர்களே, அடுத்த முறை எழும்பூரில் இறங்கும்போது, விரைந்தோடாமல் ஒரு கணம் நின்று தலைநிமிர்ந்து நோக்குவீராக. அவ்வொரு கணமே அவர்கட்கு நாம் செலுத்தத்தக்க நன்றிக்கடனாகும்.