திக்கற்ற சிறுவன் தமிழ்த் தியாகய்யர் ஆனார்!

பாபநாசம் சிவன் வாழ்க்கைக் கதை

நாகப்பட்டினத்துக்கு அருகே போலகம் என்று ஒரு சிற்றூர். சுற்றிலும் நெல் வயல்கள். அன்று அது தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது.

அந்த ஊரில் ராமாமிர்த ஐயர், யோகாம்பாள் தம்பதிக்கு 1890-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. ராமையா என்று பெயர் வைத்தார்கள்.

1897-ம் ஆண்டில் தகப்பனார் இறந்து போனார். அப்போது ராமையா விளையாட்டுப் பருவத்துச் சிறுவன். தாய் யோகாம்பாள் திகைத்து நின்றாள். சம்பாதிக்கும் ஆள் போய்விட்டார். பிள்ளைகளுக்குச் சோறு வேண்டும், படிப்பு வேண்டும். பிறந்த மண்ணிலேயே இருந்தால் இரண்டுக்கும் வழி இல்லை.

பிழைக்கப் போன இடம்

அந்தக் காலத்தில் திருவிதாங்கூர் தனி ராஜ்யம். அதன் தலைநகரம் திருவனந்தபுரம். அங்கே ஏழைப் பிராமணக் குடும்பங்களுக்கு அரசரின் ஊட்டுப்புரையில் இலவசச் சாப்பாடு கிடைத்தது. மன்னர் மூலம் திருநாள் காலத்தில், 1889-ல், ஒரு சமஸ்கிருதக் கல்லூரியும் தொடங்கியிருந்தார்கள்.

உறவினரின் உதவியை நம்பி, 1899-ம் ஆண்டு வாக்கில் யோகாம்பாள் பிள்ளைகளுடன் புறப்பட்டாள். திருவனந்தபுரத்துக்கு அப்போது ரயில் கிடையாது. 1918-ல்தான் அந்த நகருக்கு ரயில் வந்தது. ஒரு விதவைத் தாய் சிறுவர்களை அழைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போவது என்றால், எவ்வளவு துணிவு வேண்டும்!

புது ஊர். தெருவில் கேட்டது மலையாளம். ராமையா அதைக் கற்றுக்கொண்டான். கல்லூரியில் சொல்லிக் கொடுத்தது வடமொழி. அதையும் ஊன்றிப் படித்தான். இலக்கணத்தில் தேறிப் பட்டம் பெற்றான்.

வீட்டில் மட்டும் தமிழ். தாய் பேசிய தமிழ். அதுதான் பின்னாளில் அவருக்கு முதலாக நின்றது.

திருவனந்தபுரத்தில் தமிழ்ப் பஜனைகள் நடக்கும். நீலகண்ட சிவன் என்ற பக்தர் இயற்றிய தமிழ்ப் பாடல்களை அங்கே உருகிப் பாடுவார்கள். பெரிய வித்தை காட்டுகிற பாட்டு அல்ல. கேட்டவர் கூடவே பாடலாம். அந்தப் பாட்டு ராமையாவின் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. நூரணி மகாதேவ பாகவதர், சாம்ப பாகவதர் ஆகியோரிடம் சங்கீதப் பாடமும் கற்றான்.

தாயும் போனாள்

1910-ல் தாயும் காலமானாள். ராமையாவுக்கு அப்போது வயது இருபது.

இலக்கணப் பட்டம் கையில் இருந்தது. அதை வைத்து ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை தேடியிருக்கலாம். ஆனால் அவர் மனம் அதில் செல்லவில்லை. தாய் இல்லாத ஊரில் இருக்கப் பிடிக்கவில்லை. கோயில் கோயிலாகச் சுற்றினார். சாமி புறப்பாடு எங்கேயோ, அங்கே அவர் இருந்தார். பஜனை எங்கேயோ, அங்கே அவர் பாடினார்.

சுற்றிச் சுற்றி மீண்டும் காவிரிக் கரைக்கே வந்து சேர்ந்தார். திருவாரூரில் தியாகராஜ சுவாமியைத் தரிசித்து உருகி நின்றவர், குந்தலவராளி ராகத்தில் ஒரு பாட்டுக் கட்டினார். அதுவே அவருடைய முதல் பாட்டு.

அவருடைய அண்ணன் ராஜகோபாலய்யர் பாபநாசத்தில் இருந்தார். தம்பியும் அங்கே போய்ச் சேர்ந்தார். இந்த ராஜகோபாலய்யரின் மகள்தான் பிற்காலத்தில் சினிமா நட்சத்திரமாக விளங்கிய வி. என். ஜானகி. எம்.ஜி.ஆரின் மனைவியான அவர், 1988-ல் தமிழ்நாட்டின் முதல்-மந்திரியாகவும் சில நாட்கள் இருந்தார்.

சிவன் என்ற பெயர்

பாபநாசத்துக்கு அருகே கணபதி அக்கிரகாரம். அந்த ஊர் பஜனைக்கு ராமையா போவது வழக்கம். உடம்பெல்லாம் திருநீறு. வாயில் ஓயாத பாட்டு. பார்த்தவர்களுக்குக் கயிலாயத்துச் சிவனே இறங்கி வந்ததுபோல் தோன்றியதாம். பாபநாசத்துச் சிவன் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. பிறந்தது போலகம். வளர்ந்தது திருவனந்தபுரம். ஆனால் உலகம் அறிந்த பெயரில் இருப்பது பாபநாசம்!

குத்தாலம் பக்கத்து வித்துவான்

மாயூரத்துக்கும் கும்பகோணத்துக்கும் இடையே குத்தாலம் இருக்கிறது. இது அருவி கொட்டுகிற குற்றாலம் அல்ல. காவிரிக் கரையில் உள்ள குத்தாலம். இந்தக் குத்தாலம் வட்டத்தில்தான், பெரிய நடராஜர் சிலைக்குப் பெயர் பெற்ற கோனேரிராஜபுரம் இருக்கிறது.

அந்த ஊரைச் சேர்ந்தவர் சங்கீத வித்துவான் வைத்தியநாதய்யர். அந்த நாளில் அவர் கச்சேரி என்றால் ஜனங்கள் திரண்டு வருவார்கள். பாபநாசம் சிவனுக்கு அவருடைய நெருக்கம் கிடைத்தது. பெரிய வித்துவான் ராகத்தை எப்படி வளர்க்கிறார், சொல்லை எந்த இடத்தில் நிறுத்துகிறார் என்று பக்கத்தில் இருந்தே கேட்டார்.

பஜனைப் பாட்டில் பக்தி இருந்தது. கச்சேரிப் பாட்டில் கட்டுக்கோப்பு இருந்தது. இரண்டும் சிவனிடம் ஒன்றாகச் சேர்ந்தன. அவருடைய பிற்காலப் பாடல்களின் ரகசியம் இதுதான்.

1917-ல் அவருக்குத் திருமணம் நடந்தது. மனைவி பெயர் லட்சுமி அம்மாள். மறு ஆண்டு திருவையாற்றில், தியாகராஜ சுவாமிகள் ஆராதனையில், அவருடைய முதல் கச்சேரி நடந்தது.

மயிலாப்பூர் மாட வீதி

பிறகு சிவன் சென்னைக்குக் குடிபோனார். திருவனந்தபுரத்தைப் போலவே சென்னையும் அவருக்குப் பிழைக்கப் போன ஊர்தான். ஆனால் மயிலாப்பூர் அவரைத் தன் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டது.

மார்கழி மாதம். பொழுது விடியவில்லை. பனி கொட்டுகிறது. கபாலீசுவரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் ஒரு கூட்டம் பாடிக்கொண்டே வரும். முன்னால் சிவன். சங்கீதம் படித்தவர்களும் வருவார்கள், படிக்காதவர்களும் வருவார்கள். காசு இல்லை, டிக்கெட் இல்லை. பல ஆண்டுகள் இந்தப் பஜனையை அவர் நடத்தினார்.

கபாலீசுவரர் மீதும் கற்பகாம்பாள் மீதும் அவர் பாடிய பாடல்கள் பல. சுவாமி வீதி உலா வரும் அழகைக் கண்டு காம்போதி ராகத்தில் அவர் கட்டிய பாட்டு, கச்சேரி மேடைகளில் நிரந்தர இடம் பெற்றுவிட்டது. ருக்மிணி தேவி நிறுவிய கலாக்ஷேத்திராவிலும் அவர் இசை ஆசிரியராக இருந்தார்.

பேசும் படம் வந்தது

1934-ல் சீதா கல்யாணம் என்ற தமிழ்ப் படம் வெளிவந்தது. மராட்டிய நாட்டுப் பிரபாத் கம்பெனி எடுத்த படம். மயிலாப்பூரைச் சேர்ந்த சுந்தரமய்யர் குடும்பத்தார் அதில் நடித்தார்கள். எஸ். ராஜம் ராமர் வேடம் போட்டார். அந்தப் படத்துக்குப் பாட்டு எழுத சிவனுக்கு வாய்ப்பு வந்தது.

பக்திப் பாட்டுப் பாடுகிறவருக்குச் சினிமா எதற்கு என்று நினைக்கிற காலம் அது. சிவன் தயங்கி நின்றுவிடவில்லை. நாற்பது வயதைத் தாண்டியபின் புதுத் தொழிலில் இறங்கினார்.

அதன்பின் சிந்தாமணி, அம்பிகாபதி, அசோக்குமார், சிவகவி, ஹரிதாஸ் என்று படங்கள் வரிசையாக வந்தன. இவற்றில் கதாநாயகன் எம். கே. தியாகராஜ பாகவதர். அவர் மாயூரத்தில் பிறந்தவர். பாகவதரின் குரலும் சிவனின் சொல்லும் சேர்ந்து தமிழ்நாட்டையே மயக்கின. 1944 தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ், சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது.

அந்தப் படத்தில் சாருகேசி ராகத்தில் ஒரு பாட்டு உண்டு. வண்டிக்காரரும் பாடினார், வயலில் நாற்று நட்டவரும் பாடினார். ராகத்தின் பெயர் அவர்களுக்குத் தெரியாது. ஆனால் ராகம் தெரிந்துவிட்டது! சபாவுக்குப் போக வசதி இல்லாத ஏழைக்கும் கர்நாடக சங்கீதம் கிடைத்தது.

சிவன் நடிக்கவும் செய்தார். 1936-ல் பக்த குசேலாவில் குசேலராக வந்தார். 1939-ல் வெளிவந்த தியாகபூமியில் அவருக்குச் சம்பு சாஸ்திரி வேடம். கல்கி எழுதிய கதை. கே. சுப்பிரமணியம் டைரக்ட் செய்தார். தாழ்த்தப்பட்ட மக்களிடம் இரக்கம் காட்டும் சாஸ்திரியார், ஊரை விட்டே போக நேர்கிறது. ஊரை இழப்பது என்ன என்று சிவனுக்குச் சிறு வயதிலேயே தெரியும். அந்த வேடம் அவருக்குப் பொருந்தியதில் வியப்பு இல்லை. தேச விடுதலை உணர்ச்சியை ஊட்டிய அந்தப் படத்துக்குப் பிரிட்டிஷ் அரசாங்கம் தடை விதித்தது.

துக்கடா அல்ல, கீர்த்தனை!

அந்தக் காலக் கச்சேரிகளில் பெரிய பாட்டுகள் பெரும்பாலும் தெலுங்கிலும் வடமொழியிலும் இருக்கும். தமிழ்ப் பாட்டுகள் கடைசியில் வரும். அவற்றைத் துக்கடா என்பார்கள். பலர் எழுந்து வீட்டுக்குப் போகும் நேரம் அது.

1943-ல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தமிழ் இசைச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தமிழ்நாட்டில் தமிழ்ப் பாட்டுக்கு முதல் இடம் வேண்டும் என்ற குரல் ஓங்கியது. தமிழில் கச்சேரி நடத்தப் போதிய கீர்த்தனைகள் உண்டா என்று சிலர் கேட்டார்கள்.

சிவன் மேடை ஏறி வாதாடவில்லை. பாட்டுக்களைக் கட்டிக் கொடுத்தார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று முறையாக அமைந்த கீர்த்தனைகள். நடுக் கச்சேரியில் வைத்து ஒரு மணி நேரம் விரித்துப் பாடலாம். சொல்லோ, அடுப்பங்கரையில் இருக்கும் தாய்க்கும் புரியும். டி. கே. பட்டம்மாள் அவரிடமே பாடம் கேட்டுப் பாடினார். எம். எஸ். சுப்புலட்சுமி முதலிய பெரிய வித்துவான்கள் எல்லாம் பாடினார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட பாடல்களை அவர் இயற்றினார். பலவற்றில் ராமதாசன் என்ற முத்திரை இருக்கும்.

வடமொழியை அவர் வெறுக்கவில்லை. அதிலும் பாடல்கள் செய்தார். பெரிய வடமொழி அகராதி ஒன்றையும் தொகுத்தார். படித்த மொழிக்கு அவர் செய்த மரியாதை அது. தாய்மொழிக்குச் செய்ததோ வாழ்நாள் தொண்டு. மக்கள் அவரைத் தமிழ்த் தியாகய்யர் என்று அழைத்தார்கள்.

கடைசி நாட்கள்

பெரிய விருதுகள் அவருக்கு மிகவும் பிந்தியே வந்தன. சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதிப் பட்டம் 1971-ல் கிடைத்தது. அப்போது வயது 81. மறு ஆண்டு இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது.

1973-ம் ஆண்டு அக்டோபர் 1-ந் தேதி பாபநாசம் சிவன் காலமானார். அவருக்கு வயது 83. அவர் பெயரால் மயிலாப்பூர்ப் பகுதியில் ஒரு சாலை இருக்கிறது.

தகப்பனை இழந்து, ஊரை விட்டு, மொழி தெரியாத இடத்தில் வளர்ந்த பையன் அவர். தாய் அவருக்கு வைத்துவிட்டுப் போன சொத்து, வீட்டில் பேசிய தமிழ் ஒன்றுதான். அதை அவர் ஆயிரம் பாட்டாகப் பெருக்கித் தமிழ்நாட்டுக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார்.