2,700 வால்வுகளை மேய்த்தவர்: பேராசிரியர் ஆர். நரசிம்மன்



எங்கள் அரிமளம் போன்ற ஊர்களில் வால்வு ரேடியோவைப் பிரித்துப் பார்த்த தலைமுறை ஒன்று உண்டு. பின்பக்க அட்டையைக் கழற்றினால் அஞ்சோ ஆறோ வால்வுகள் மங்கலாய்ச் சிவந்து எரியும். அதில் ஒன்று போனாலும் பாட்டு நின்றுவிடும். அப்படிப்பட்ட வால்வுகள் 2,700-ஐ ஒரே மெஷினில் மாட்டி, கணக்குப் போட வைத்த குழுவை நடத்தியவர் ஒரு சென்னைக்காரர். அவர்தான் பேராசிரியர் ஆர். நரசிம்மன்.

1926-ல் சென்னையில் பிறந்தார். கிண்டி பொறியியல் கல்லூரியில் தொலைத்தொடர்பு படித்துவிட்டு அமெரிக்கா போனார். கால்டெக்கில் மின்பொறியியலில் முதுகலைப் பட்டம், இண்டியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் டாக்டர் பட்டம். அங்கேயே தங்கியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 1954-ல் பம்பாய்க்கு வந்து, ஹோமி பாபா நடத்திய டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார்.

அப்போது இந்தியாவில் டிஜிட்டல் கம்ப்யூட்டர் ஒன்றுகூட இல்லை. 1955-ல் கல்கத்தா புள்ளியியல் நிலையத்துக்கு வந்த முதல் மெஷினும் இங்கிலாந்திலிருந்து இறக்குமதியானதுதான். பம்பாய்க் குழு வேறு வழியை எடுத்தது: நாமே செய்வோம். குழுவில் பெரும்பாலோர் அதுவரை கம்ப்யூட்டரைப் பயன்படுத்தியதே இல்லை. பிரின்ஸ்டனில் வான் நாய்மன் குழு வகுத்த அமைப்புதான் அவர்களுக்கு அடிப்படை.

இன்று பழைய கம்ப்யூட்டர் போர்டுகளை மறுபடி செய்து பார்ப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தங்கள் போர்டு ஓடவில்லையென்றால், ஓடுகிற அசல் போர்டின் சிக்னலோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நரசிம்மன் குழுவுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட ஒரு மெஷின் இல்லை. பிழை வரைபடத்திலா, சால்டரிங்கிலா, வால்விலா, புரோகிராமிலா என்பதை அவர்களேதான் பிரித்தறிய வேண்டும்.

வால்வு மெஷினில் பிழை தேடுவது லேசுப்பட்ட வேலை இல்லீங்க. ஒரு வால்வு சராசரியாகப் பத்தாயிரம் மணி நேரம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். 2,700 வால்வுகள் இருந்தால் ஏறக்குறைய நாலு மணி நேரத்துக்கு ஒன்று போகும்! ஒரேயடியாகச் செத்துப்போகிற வால்வாவது பரவாயில்லை. மெல்ல மெல்லத் தளர்ந்து, ஒரு சமயம் சரியாகவும் ஒரு சமயம் தப்பாகவும் வேலை செய்கிற வால்வுதான் உயிரை வாங்கும். அதனால் அந்தக் காலத்து மெஷின்களில் மின்னழுத்தத்தை வேண்டுமென்றே ஏற்றி இறக்கிப் பார்த்து, தளர்ந்ததை முன்கூட்டியே பிடிக்கும் வழக்கம் இருந்தது.

முழு மெஷினில் நேரே இறங்காமல், முதலில் சின்னதாய் ஒரு முன்மாதிரி செய்தார்கள். 1956-ல் அது ஓடியது. அதில் கிடைத்த துணிவோடு பெரிய மெஷினில் கைவைத்தார்கள். 12,500 ரெசிஸ்டர்கள், 1,700 ஜெர்மேனியம் டையோடுகள், 40 பிட் நீளத்தில் 2,048 சொற்கள் கொள்ளும் ஃபெரைட் கோர் நினைவகம். 1960-ல் அது முழுப் பயன்பாட்டுக்கு வந்தது. 1962-ல் அதற்கு டிஃப்ராக் என்று பெயரிட்டவர் பிரதமர் நேரு.

இங்கேதான் ஒரு சங்கடம். டிஃப்ராக் தயாரான நேரத்தில் உலகம் டிரான்சிஸ்டருக்கு மாறிக்கொண்டிருந்தது. 1964-ல் அதே நிலையத்துக்கு சி.டி.சி. 3600 இறக்குமதியாகி வந்தது. அப்படியானால் அத்தனை வருஷ உழைப்பும் வீணா? விலை கொடுத்தே வாங்கியிருக்கலாமே என்று யாருக்கும் தோன்றும்.

அதற்கான பதில் அவருடைய பிற்கால வாழ்க்கையில் இருக்கிறது. 1961 முதல் 1964 வரை இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இல்லியாக் 3 என்ற மெஷினின் வடிவமைப்பில் பங்கேற்றார். படங்களின் அமைப்பை இலக்கணம் போல அலசும் முறையில் முன்னோடியானார். திரும்பி வந்து இந்தியக் கம்ப்யூட்டர் சங்கத்தின் முதல் தலைவரானார். 1975-ல் அரசு தொடங்கிய சி.எம்.சி. நிறுவனத்துக்கும் அவரே முதல் சேர்மன்.

1978-ல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியது. செய்தவன் போய்விட்டான், மெஷின்கள் மட்டும் ஆபீஸ் ஆபீஸாக நிற்கின்றன. அவற்றைப் பழுது பார்த்து ஓட வைத்தது சி.எம்.சி. இன்று அந்த நிறுவனமும் டி.சி.எஸ்.ஸோடு இணைந்துவிட்டது. ஆனால் அடுத்தவன் செய்த மெஷினைத் திறந்து, புரிந்து, சரிசெய்யும் துணிச்சல் ஒரு நாட்டுக்குக் கடையில் கிடைக்காது. சொந்தமாக ஒன்றைச் செய்து, அது ஓடாமல் தவித்து, காரணம் கண்டுபிடித்தவர்களுக்குத்தான் வரும். டிஃப்ராக் வீணாகவில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

1977-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். பிற்காலத்தில் அவர் மனம் மொழியின் பக்கம் திரும்பியது. குழந்தை பேசக் கற்றுக்கொள்வது எப்படி, அதை மெஷினுக்குப் புரிய வைப்பது எப்படி என்று ஆராய்ந்து நூல் எழுதினார். 2007 செப்டம்பரில் மறைந்தார். இன்றைய மாணவர்களில் பலர் அப்போது கைக்குழந்தைகள்.

தம்பி தங்கைகளே, இறுதியாண்டு புராஜெக்டைக் கடையில் ரெடிமேடாக வாங்கினால் மார்க் வரும். நீங்களே சால்டர் பண்ணின போர்டு ஓடாமல் நின்று, ராத்திரி முழுக்கத் தேடி ஒரு விட்டுப்போன இணைப்பைக் கண்டுபிடித்தீர்களானால் அதுதான் படிப்பு. மார்க் அதற்குப் பிறகும் வரும்.

வளர்க நம் கல்லூரி!