செருப்பு கடித்தால் நல்ல செய்தி! சரியான அளவை வேலூரில் தேடிய டாக்டர் பால் பிராண்ட்

புது ஷூ வாங்கி ரெண்டு நாள்தான் ஆகிறது. அதற்குள் குதிகாலில் கொப்புளம். புது பிரா போட்டுக்கொண்டு ஆபீஸ் போய் வந்தால், தோளில் ஸ்ட்ராப் அழுத்திய தடம் சிவப்பாக நிற்கிறது. சைஸ் பார்த்துத்தானே வாங்கினோம் என்று எரிச்சல் வரும். லேபிளில் இருக்கும் எண் சரியாக இருந்தாலும், அளவு சரியில்லை என்பதை உடம்பு வலியால் சொல்லிவிடுகிறது. நாமும் கழற்றி வீசுகிறோம், அல்லது மாற்றிக்கொள்கிறோம்.

அந்த வலியே இல்லாவிட்டால் என்ன ஆகும்? செருப்புக்குள் ஆணி குத்தினாலும் தெரியாது. கொப்புளம் உடைந்து புண்ணாகி, எலும்பு வரை போனாலும் தெரியாது. தொழுநோயால் உணர்ச்சி போன லட்சக்கணக்கானவர்கள் இப்படித்தான் கால்களை இழந்தார்கள். அதற்குக் காரணம் என்ன என்பதைக் கண்டுபிடித்து, அவர்கள் காலுக்கு ஏற்ற செருப்பைத் தேடியவர் டாக்டர் பால் பிராண்ட். அந்தத் தேடல் நடந்தது வேலூரில். இன்று உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்குப் பக்கத்திலேயே!

கொல்லிமலைப் பையன்

பால் பிராண்ட் பிறந்தது 1914 ஜூலை 17-ம் தேதி, கொல்லிமலையில். அப்பா ஜெஸ்ஸி பிராண்ட், அம்மா எவலின். இருவரும் இங்கிலாந்திலிருந்து வந்த மிஷனரிகள். மலேரியாவுக்குப் பெயர் போன அந்த மலையில் மருந்து கொடுப்பது, பள்ளி நடத்துவது, வீடு கட்டுவது என்று எல்லா வேலையும் அவர்களே செய்தார்கள். மலைக் குழந்தைகளோடு மரமேறி விளையாடிய சிறுவன், 9 வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டான். அப்பாவை அதன் பிறகு அவன் பார்க்கவே இல்லை. 1929-ல் மலேரியாவின் கடுமையான வடிவமான கருநீர்க் காய்ச்சல் ஜெஸ்ஸியைக் கொண்டுபோனது. அம்மா எவலின் முதுமையிலும் மலைமக்களை விட்டு விலகாமல் உழைத்து, 1974-ல் காலமானார்.

பிராண்ட் முதலில் டாக்டராக விரும்பவில்லை. கொத்தனார் வேலை, தச்சு வேலை என்று கட்டுமானத் தொழிலைத்தான் கற்றார். பிறகுதான் மனம் மாறி, லண்டனில் மருத்துவம் படித்தார். இரண்டாம் உலகப் போர் நேரம் அது. குண்டுவீச்சில் காயம்பட்டு வந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்தே கை தேறியது. உடன் படித்த மார்கரெட்டை 1943-ல் மணந்தார். 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். தொழுநோய் நிபுணர் ராபர்ட் காக்ரேன்தான் அவரை அழைத்தவர்.

ஒரு கைகுலுக்கலில் மாறிய வாழ்க்கை

1947-ல் செங்கல்பட்டில் காக்ரேன் நடத்திவந்த தொழுநோய் மருத்துவமனைக்கு பிராண்ட் போனார். கைவிரல்கள் மடங்கி, நகம் போல வளைந்துபோன நோயாளிகள் அங்கே நிறைய பேர். எலும்பு முறிவுக்கும் போலியோவுக்கும் அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர்கள், இவர்கள் பக்கம் மட்டும் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது காக்ரேனின் ஆதங்கம்.

அங்கே ஒரு நோயாளியின் கையைப் பிடித்து, தன் கையை அழுத்தச் சொன்னார் பிராண்ட். மரத்துப்போன கைதானே, என்ன பலம் இருந்துவிடப் போகிறது என்றுதான் நினைத்தார். ஆனால், அந்தப் பிடியில் அவருக்கே கை வலித்துவிட்டது. விரல் மடங்கியிருந்தாலும் முன்கைத் தசைகள் நல்ல பலத்தோடு இருக்கின்றன என்பது அந்த நொடியில் புரிந்தது.

பிறகு ஆராய்ச்சி ஆரம்பமானது. நோய் நரம்புகளைத் தாக்குவதில் ஓர் ஒழுங்கு இருந்தது. முழங்கை, மணிக்கட்டு, கணுக்கால் என்று நரம்பு தோலுக்கு அருகில், குளிர்ச்சியான இடத்தில் ஓடும் பகுதிகளில்தான் பாதிப்பு அதிகம். அப்படியென்றால், பாதிக்கப்படாத தசையின் தசைநாரை எடுத்து, செயலிழந்த விரலோடு இணைக்கலாமே! 1948 வாக்கில் இந்த அறுவை சிகிச்சைகள் தொடங்கின. மடங்கிய விரல்கள் நீண்டன. டம்ளரைப் பிடிக்கவும் சாதத்தைப் பிசையவும் முடிந்தது.

விரல் எங்கே போனது?

கை சரியானதும் கதை முடிந்துவிடவில்லை. குணமானவர்களுக்கு வேலை கொடுக்க ஆளில்லை. கை நன்றாகிவிட்டதால் பிச்சை கூட சரியாக விழுவதில்லை என்று சிலர் திரும்பி வந்தார்கள். இவர்களுக்காக 1951-ல் சி.எம்.சி. வளாகத்திலேயே 'நவ ஜீவ நிலையம்' என்ற சின்னக் கிராமம் உருவானது. இளம் வயதில் கற்ற தச்சு வேலை பிராண்டுக்குக் கைகொடுத்தது. மரவேலையை அவரே சொல்லிக்கொடுத்தார்.

அங்கேதான் பெரிய உண்மை வெளிப்பட்டது. தொழுநோய் வந்தால் சதை தானாக அழுகி, விரல் உதிர்ந்துவிடும் என்றுதான் அதுவரை டாக்டர்களே நம்பியிருந்தார்கள். பிராண்டும் குழுவினரும் ஒவ்வொரு காயத்துக்கும் கணக்கு வைத்தார்கள். சுடுபாத்திரத்தைத் துணியில்லாமல் தூக்கியது, சுத்தியலின் பிளந்த கைப்பிடி கிழித்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. துருப்பிடித்த பூட்டைத் திறக்க ஒரு சிறுவன் சாவியை முழு பலத்தோடு திருகினான். அவன் விரலில் சதை கிழிந்து ரத்தம் ஒழுகியது. அவனுக்கோ எதுவும் தெரியவில்லை.

சிலருக்கு மட்டும் இரவோடு இரவாக விரலின் ஒரு பகுதி காணாமல்போனது. விழித்திருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, தூங்கும்போது எலி கடித்துத் தின்கிறது! அதன் பிறகு நோயாளிகளுக்குப் பூனைகள் கொடுக்கப்பட்டன.

ஆக, நோய் விரலைத் தின்பதில்லை. அது வலியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மீதிச் சேதத்தை அன்றாட வாழ்க்கையே செய்துவிடுகிறது. காயத்தைத் தடுத்தால் கையையும் காலையும் காப்பாற்றலாம். மருத்துவ உலகம் தொழுநோயைப் பார்த்த பார்வையே இதனால் மாறியது.

கால்தான் கஷ்டம்

கையைக் கண்ணால் பார்த்துப் பாதுகாக்கலாம். உள்ளங்காலை என்ன செய்வது? ஒவ்வோர் அடியிலும் உடம்பின் மொத்த எடையும் அதன் மேல்தான். காலுக்கு மாவுக்கட்டு போட்டு அழுத்தத்தைப் பரப்பினால் நாள்பட்ட புண்ணும் ஆறியது. கட்டைப் பிரித்து நடக்கவிட்டால் அதே இடத்தில் மறுபடியும் புண். சதையில் கோளாறு இல்லை, அழுத்தத்தில்தான் கோளாறு என்பது தெளிவானது.

அழுத்தம் மூன்று வழிகளில் தோலைக் கெடுக்கும் என்று பிராண்ட் பின்னாளில் விளக்கினார். முதலாவது, ஆணி, கண்ணாடித் துண்டு போன்றவை ஒரே குத்தில் கிழிப்பது. இரண்டாவது, லேசான இறுக்கம் மணிக்கணக்கில் நீடித்து ரத்த ஓட்டத்தை அடைப்பது. இறுக்கமான ஷூ செய்வது இதைத்தான். மூன்றாவது, சாதாரண நடை அழுத்தமே ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை விழுவது. மூன்றாவதைத்தான் யாரும் கவனித்திருக்கவில்லை.

நமக்கு ஏன் புண் வருவதில்லை? நீண்ட தூரம் நடக்கும்போது நம்மை அறியாமலே நடையை மாற்றுகிறோம். குதிகால் நொந்தால் எடை முன்பாதத்துக்குப் போகும். கட்டைவிரல் நொந்தால் பாதத்தின் ஓரத்துக்குப் போகும். உணர்ச்சி இல்லாதவருக்கு இந்த மாற்றம் நடக்காது. முதல் அடி எப்படியோ, பத்தாயிரமாவது அடியும் அப்படியே.

எனவே, மரக்கட்டை, பிளாஸ்டிக், ரப்பர், தோல் என்று ஒவ்வொன்றாகச் சோதனை நடந்தது. கடைசியில் பயன்பட்டது நுண்ணறை ரப்பர். உள்ளே பாதத்தின் வடிவத்துக்கு இணங்கும் மெத்தென்ற ரப்பர், கீழே எளிதில் வளையாத கெட்டியான அடிப்பாகம், பின்னால் குதிகாலைப் பிடிக்கும் வார். ஆணியே அடிக்கக் கூடாது, பசையும் தையலும்தான். காட்பாடி அருகே கரிகிரியில் 1955-ல் தொடங்கப்பட்ட ஷீஃபலின் தொழுநோய் ஆராய்ச்சி மையம் இந்த வேலைக்குப் பெரிய களமானது.

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. செருப்பைப் பார்த்ததுமே இவர் தொழுநோயாளி என்று ஊர் கண்டுபிடித்துவிட்டால், யாரும் அதைப் போட மாட்டார்கள். காலுக்குப் பொருந்தினால் போதாது, கடைத்தெருவில் போட்டுக்கொண்டு நடக்கவும் கூச்சம் இருக்கக் கூடாது. சிறப்புச் செருப்பு செய்பவர்களுக்கு இது இன்றைக்கும் சவால்தான்.

குதிகால் மரத்த ஓர் இரவு

ஒருமுறை இங்கிலாந்தில் நீண்ட ரயில் பயணம் முடித்துவிட்டு அறைக்கு வந்த பிராண்ட், சாக்ஸைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லாததைக் கவனித்தார். ஊசியால் குத்திப் பார்த்தார். வலிக்கவில்லை. தொழுநோய் தனக்கும் வந்துவிட்டது என்றே முடிவு செய்தார். குடும்பத்தைப் பிரிய வேண்டியிருக்குமோ என்ற எண்ணத்தில் அன்றிரவு தூக்கமே இல்லை. விடிந்ததும் மறுபடி குத்திப் பார்த்தார். சுரீரென்று வலித்தது! ரயிலில் ஒரே நிலையில் உட்கார்ந்திருந்ததில் நரம்பு அழுந்தி மரத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி சொன்னார். தன் நோயாளிகள் எதை இழந்திருக்கிறார்கள் என்பதை அந்த இரவு அவருக்குக் காட்டிவிட்டது.

1960-ல் லாஸ்கர் விருதும், 1961-ல் பிரிட்டன் அரசின் சி.பி.இ. கௌரவமும் அவரைத் தேடி வந்தன. கண் மருத்துவரான மார்கரெட், தொழுநோயாளிகளின் பார்வையைக் காப்பதில் தனியாகப் பெயர் பெற்றார்.

செயற்கை வலி ஏன் தோற்றது?

1966-ல் குடும்பத்தோடு அமெரிக்கா போன பிராண்ட், லூசியானா மாநிலத்தின் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் 20 ஆண்டுகள் பணியாற்றினார். நோயாளிகளுக்குச் செயற்கையாக வலியைக் கொடுக்க முடியுமா என்ற முயற்சி அங்கே நடந்தது. கையுறையிலும் காலுறையிலும் சென்ஸார் வைத்து, அழுத்தம் அதிகமானால் ஒலி எழுப்பச் செய்தார்கள். நோயாளிகள் ஒலியைக் கண்டுகொள்ளவில்லை. மின்அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தார்கள். வேலைக்கு இடைஞ்சலாக இருந்தால் ஸ்விட்சை அணைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். உடம்பின் வலி அளவுக்கு நம்பகமான கருவியைப் பெரும் செலவு செய்தும் உருவாக்க முடியவில்லை.

ஆனால், வேலூரில் கற்ற பாடம் அங்கே வேறொரு கூட்டத்துக்குப் பயன்பட்டது. சர்க்கரை நோயாளிகளுக்கும் கால் நரம்புகள் மரத்துப்போகும். அதே இடங்களில் அதே மாதிரிப் புண்கள் வரும். மாவுக்கட்டு, தனி அளவுச் செருப்பு, தினமும் பாதத்தைப் பார்ப்பது என்று தொழுநோய்ப் பாடங்கள் சர்க்கரை நோய்க்கு இடம் மாறின. 2003 ஜூலை 8-ம் தேதி சியாட்டில் நகரில் பால் பிராண்ட் காலமானார்.

நமக்கு இதில் என்ன இருக்கிறது?

இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானோருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு மதிப்பிட்டது. நம் வீட்டிலும் ஒருவர் இருப்பார். அவருக்குச் செருப்பு வாங்கும்போது ஒரு விஷயம் முக்கியம். உணர்ச்சி குறைந்த காலுக்கு, இறுக்கமான செருப்புதான் கச்சிதமாக இருப்பது போலத் தோன்றும். அதனால் போட்டுப் பார்த்து முடிவு செய்யாமல், அளந்து முடிவு செய்ய வேண்டும்.

* மாலையில் வாங்குங்கள். நாள் முழுக்க நடந்ததில் பாதம் சற்று வீங்கியிருக்கும்.
* நின்றபடி இரண்டு பாதங்களையும் அளந்து, பெரிய பாதத்துக்கு ஏற்ப எடுங்கள்.
* நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும்.
* போடும் முன் உள்ளே கையை விட்டு, கல்லோ ஆணியோ இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள்.
* முதல் நாள் ஒரு மணி நேரம் போதும். கழற்றியதும் சிவந்த, சூடான இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பிராவுக்கும் இதே கதைதான். மார்புக்குக் கீழே சுற்றளவு, மார்பின் சுற்றளவு இரண்டையும் அளக்க வேண்டும். பாரத்தைத் தாங்க வேண்டியது பேண்ட். ஸ்ட்ராப் தோளில் வெட்டினால், பெரும்பாலும் பேண்ட் தளர்வாக இருக்கிறது என்று அர்த்தம். முதுகில் பேண்ட் மேலே ஏறக் கூடாது. உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும். கர்ப்பம், தாய்ப்பால், எடை மாற்றம் என்று எது வந்தாலும் மறுபடி அளந்துவிடுங்கள்.

நாம் வாங்கும் ஷூவில் இருக்கும் யு.கே. சைஸ் நம் பாதத்தைப் பார்த்து வந்தது இல்லை. சராசரி இந்தியப் பாதம் அதைவிட அகலமானது. சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களின் பாதங்களை அளந்து, 'பா' என்ற இந்திய அளவுமுறையைப் பரிந்துரைத்திருக்கிறது. அது கடைக்கு வரும்வரை, எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, கால் என்ன சொல்கிறது என்று கேளுங்கள். சொல்ல முடியாத கால் வீட்டில் இருந்தால், தினமும் இரவு அந்த உள்ளங்காலை நீங்கள் பாருங்கள்.